மெனோபாஸ்: எது சாப்பாட்டுக்குக் கேட்டது, எது கேட்கவில்லை

எனக்கு 45 முடிந்த வருஷம் மாதவிலக்கு தன் இஷ்டத்துக்கு வர ஆரம்பித்தது. இருபது நாளிலேயே வரும். அப்புறம் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. வந்தால் கட்டி கட்டியாகப் போகும். பள்ளிக்கூடத்தில் அடுத்தடுத்து இரண்டு வகுப்பு நின்று நடத்த முடியவில்லை. என் மதினி சொன்னது ஒன்றுதான்: "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பைய எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு." திண்டுக்கல் பக்கம் எங்கள் சொந்தத்தில் அப்படி எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். என் தங்கைக்கே 38 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அதனால் ஆபரேஷனுக்கு அவசரப்படவில்லை.

நான் பார்த்த டாக்டரம்மா முதலில் ரத்தம், தைராய்டு, ஸ்கேன் மூன்றும் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9கூட இல்லை. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் சின்னதாக ஒரு நார்க்கட்டி. வயது 45ஐத் தாண்டியதால் கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. ஏன் இவ்வளவு போகிறது என்று அவர் விளக்கியதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த வயதில் சில மாதம் கருமுட்டை வெளியே வராது. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் உள்சுவரை வளர்த்துக்கொண்டே போகும். அது மொத்தமாக உடையும்போதுதான் அந்த வெள்ளம். மாதவிலக்கு நின்ற பிறகு நார்க்கட்டியும் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும் என்றார். போக்கு அதிகமான நாட்களுக்கு மாத்திரை, மற்ற நாட்களில் இரும்புச்சத்து மாத்திரை. அதைக் காபியோடு போடாமல் எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னார். சில மாதத்தில் மாடிப்படி ஏறினால் வந்த மூச்சிரைப்பு போய்விட்டது.

தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதாரத் துறை 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவு போட்டது. எடுத்தே ஆக வேண்டிய நிலைமை சிலருக்கு வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "வேறு வழி என்ன இருக்கு டாக்டர்?" என்று கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

அடுத்து சூடு. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்கு அனல் ஏறும். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். ஜாக்கெட் நனைந்து, அப்புறம் லேசாகக் குளிரும். உடம்புச் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது கொஞ்சம் சூடு ஏறினாலே தாங்காமல் ரத்தக்குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. இது தெரிந்ததும் பாதிப் பயம் போனது, ஏனென்றால் அதுவரை இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்னொரு டீச்சருக்கும் இதே வியர்வை, படபடப்பு. எல்லோரும் மெனோபாஸ் என்றே சொன்னோம். அவருக்கு எடை வேறு குறைந்துகொண்டே வந்தது. பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தது. அதனால்தான் தைராய்டு பரிசோதனையை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

எப்போது அனல் வருகிறது என்று ஒரு டைரியில் குறித்து வைத்தேன். சாயங்காலக் காபிக்கு அப்புறம் வந்தது. ராத்திரி கொதிக்கக் கொதிக்க ரசம் குடித்தால் வந்தது. வீட்டில் சண்டை என்றால் நிச்சயம் வந்தது. காலைக் காபியை விட மனசு வரவில்லை. சாயங்காலத்தில் மோருக்கு மாறினேன். ஃபோம் மெத்தையை ஒதுக்கிவிட்டுப் பத்தமடைக் கோரைப்பாயில் படுத்தேன். பருத்தி நைட்டி, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். இவ்வளவிலேயே ராத்திரி எழுந்து உட்காருவது பாதியாகக் குறைந்தது.

மெதுவாக மூச்சை இழுத்து விடுவதைப் பற்றிப் பலரும் சொன்னார்கள். உள்ளதைச் சொல்கிறேன், மூச்சுப் பயிற்சியால் எனக்கு அனல் நிற்கவில்லை. ஆனால் வரும்போது ஏற்படும் பதற்றம் குறைந்தது, வகுப்பை நிறுத்தாமல் நடத்த முடிந்தது. நம் எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற மனநல ஆலோசனைக்கு இந்தத் தொந்தரவில் நல்ல ஆதாரம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சோயா சிலருக்குக் கொஞ்சம் கேட்கும், சிலருக்குக் கேட்காது. எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் வாங்கித் தர ஒரு சித்தி தயாராக இருந்தார். மற்ற மாத்திரைகளோடு சேருமா என்று கேட்காமல் எந்த மூலிகையும் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். பிளாக் கோஹோஷ் என்று ஆன்லைனில் விற்கும் மூலிகையால் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாகப் பதிவாகியிருக்கிறது.

எலும்பு விஷயத்தில்தான் நம் அடுப்படி உண்மையிலேயே கைகொடுத்தது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகத் தேயும். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு நாளைக்குச் சுமார் 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழோ தோசையோ, மதியம் தயிர், வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக் கருவாடு, எள்ளுப்பொடி என்று பிரித்துக்கொண்டேன். அதிகாலை நடைப்பயிற்சியில் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அது உருவாகும். அதனால் மதிய இடைவேளையில் மைதானத்தில் கொஞ்சம் நடந்தேன். நடை மட்டும் போதாது, எடை தூக்க வேண்டும் என்றதும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் பிடித்துத் தூக்குவது என்று ஆரம்பித்தேன். தூக்கமும் எரிச்சலும் சரியானது பெரும்பாலும் இதனால்தான் என்று நம்புகிறேன்.

யாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பிறப்புறுப்பு வறண்டு போவது, சேரும்போது வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அவசரம். அனல் போகப்போகக் குறையும். இது தானாகக் குறையாது, விட்டால் கூடும். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாள் உதவியது. (ஆணுறை பயன்படுத்துபவர்கள் எண்ணெய் தொடக்கூடாது, ரப்பர் கிழிந்துவிடும்.) பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்த ஈஸ்ட்ரோஜன் கிரீம்தான் சரிசெய்தது. உள்ளே மட்டும் வைப்பதால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இயற்கையாகச் சமாளிக்கிறேன் என்று இந்த வலியைப் பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்ன பிறகு அவரே மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வந்தார்.

தங்கை கதை வேறு. சினைப்பைகளையும் எடுத்துவிட்டதால் அவளுக்கு ஹார்மோன் ஒரே நாளில் நின்றது. கூழும் நடையும் அதை ஈடுகட்டாது. வருஷக்கணக்காகத் தூக்கமில்லாமல், மூட்டு வலியோடு இருந்தவளை என் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இவ்வளவு சின்ன வயதில் நின்றவர்கள், தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் சிகிச்சை எடுப்பது நல்லது என்று தொடங்கினார். 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வுக்குப் பிறகு ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய்ப் பயம் வந்துவிட்டது. 60 வயதுக்குள், நின்று 10 வருஷத்துக்குள் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு அது பொருந்தாது.

முழுசாக ஒரு வருஷம் வராமல் இருந்தால்தான் நின்றது என்று கணக்கு. எனக்கு ஒன்பது பத்து மாதம் வராமல் இருந்துவிட்டு மறுபடி வந்தது. கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தோம். அதுவரை கருத்தடையும் விடக்கூடாது. 50க்குள் நின்றவர்கள் இரண்டு வருஷம் தொடர வேண்டும்.

அந்தக் கணக்கு முடிந்த பிறகு ஒரு துளி பட்டாலும் உடனே போக வேண்டும். லேகியம் வாங்கித் தர வந்த அதே சித்திக்கு 60 தாண்டித் துணியில் லேசாகக் கறை பட்டது. "சூட்டுக்குத்தான்" என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை, ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். உள்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, வெறும் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி. எடுத்துவிட்டார்கள், மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்.