மசோதா சிக்கும் இடங்கள்: கோப்பு முதல் அரசிதழ் வரை

"ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க." பேரவைத் தலைவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் எழுந்துவிடும். கூட்டத்தொடரின் கடைசி நாள் என்றால் மதியத்துக்குள் ஒரு கட்டு மசோதாவே தாண்டிவிடும். தமிழ்நாட்டில் சட்டமுன்வடிவுக் கோப்போடு அலைகிறவர்களுக்குத் தெரியும், பாடெல்லாம் இந்த நிமிடங்களுக்கு முன்னும் பின்னும்தான்.

முதலில் பார்க்க வேண்டியது, பொருள் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் எந்தப் பட்டியலில் வருகிறது என்பது. மாநிலப் பட்டியல் என்றால் பாதை நேர். மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் வந்து, அதில் நாடாளுமன்றச் சட்டம் ஏற்கெனவே இருந்து, நம் வரைவு அதோடு முட்டினால், அரசமைப்பின் 254(2)-ஆவது உறுப்பின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். இங்கே பலரும் கோட்டைவிடுவது ஒப்புதல் கேட்கும் குறிப்பில். எந்த மத்தியச் சட்டத்தோடு முரண் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். அப்படி வாங்கிய ஒப்புதல், குறிப்பில் சொன்ன சட்டங்களுக்கு மட்டுமே கவசமாகும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. விட்டுப்போன ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் கழித்துக்கூட வழக்கு வரும்.

அடுத்தது பணம். வரி தொடர்பான மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் அறிமுகமே செய்ய முடியாது. தொகுநிதியிலிருந்து, அதாவது மாநில அரசின் வருவாய் சேரும் நிதியிலிருந்து, செலவு வரும் மசோதாவை அந்தப் பரிந்துரை இல்லாமல் நிறைவேற்ற முடியாது (உறுப்பு 207). புதிதாக ஓர் ஆணையம் அமைக்கிறோம் என்று ஒரு வரி எழுதினாலே சம்பளம், கட்டடம், வண்டி என்று செலவு வந்துவிடும். துறைகள் "கூடுதல் செலவினம் இல்லை" என்று எழுதிவிட்டு நிதித்துறையிடம் மாட்டிக்கொள்வது இப்படித்தான். பரிந்துரை விடுபட்டு, ஆனாலும் ஒப்புதல் கிடைத்துவிட்டால், உறுப்பு 255 அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும். அதை நம்பிக் கோப்பை நகர்த்துவது புத்திசாலித்தனம் அல்ல. அவையிலேயே ஓர் உறுப்பினர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம்.

பேரவைக்குள் அறிமுகம், ஆய்வு, கூறுவாரியாக வாக்கு, நிறைவேற்றம். கூறு 2-இலிருந்து தொடங்கி, கூறு 1-ஐயும் முகப்பையும் பெயரையும் கடைசியில்தான் எடுப்பார்கள். நடுவில் ஒரு திருத்தம் வந்து சட்டத்தின் பரப்பு மாறினால், பெயரும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும் அல்லவா? 234 பேரில் 24 பேர் இருந்தால் குறைவெண் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சரி. தெரிவுக் குழுவுக்கு அனுப்பலாம், அனுப்புவது அபூர்வம். 1986 நவம்பர் 1 முதல் மேலவையும் இல்லை. எனவே வரைவில் ஒரு குறுக்கு மேற்கோள் (ஒரு பிரிவில் இன்னொரு பிரிவின் எண்ணைச் சுட்டுவது) தவறினாலும் பிடித்துத் தர இரண்டாவது கண் கிடையாது. அடுத்த கூட்டத்தொடரில் வரும் குட்டித் திருத்த மசோதாக்களில் சில இந்த வகை.

பிறகு ஆளுநர். உறுப்பு 200-இன்படி ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். பண மசோதா அல்லாததை நிறுத்திவைத்துப் பேரவைக்குத் திருப்பியனுப்பலாம். திரும்பி வந்ததைப் பேரவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்க முடியாது. இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவின் தேதிகளைப் பாருங்கள். 2022 அக்டோபர் தொடக்கத்தில், பேரவை கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம். 17-ஆம் தேதி பேரவை கூடியது, 19-ஆம் தேதி மசோதா நிறைவேறியது. பேரவை கூடியதிலிருந்து ஆறு வாரம்தான் அவசரச் சட்டத்துக்கு ஆயுள் என்பதால் நவம்பர் இறுதியில் அது காலாவதி. மசோதா திரும்பி வந்தது 2023 மார்ச்சில். 23-ஆம் தேதி மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல். இடையில் நான்கு மாதத்துக்கு மேல் அவசரச் சட்டமும் இல்லை, சட்டமும் இல்லை. அவசரச் சட்டத்தைப் பாலமாக வைத்து வேலை செய்பவர்கள் இந்த ஆறு வாரத்தை நாட்காட்டியில் சிவப்பில் குறித்துக்கொள்வது நல்லது.

ஆளுநருக்குக் காலக்கெடு உண்டா என்றால், உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு உண்டு என்றது. அதே ஆண்டு நவம்பர் 20-இல் அங்கேயே ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, காலம் கடந்ததால் ஒப்புதல் கிடைத்ததாகவும் கருத முடியாது என்று கருத்துரைத்தது. காரணமில்லாமல் நீண்டகாலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்ல மட்டும் நீதிமன்றத்துக்கு வழி உண்டு. இதில் ஓர் ஆறுதல்: பேரவை நிறைவேற்றி ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மசோதா, பேரவை கலைந்தாலும் சாகாது. அவையில் நிலுவையில் இருப்பதுதான் சாகும்.

ஒப்புதல் வந்து அரசிதழில் சட்ட எண்ணோடு வெளியான பிறகும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். முதல் பிரிவின் கடைசி உட்பிரிவைப் படியுங்கள். "அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்று இருந்தால், அந்த அறிவிக்கை தனியாக வர வேண்டும். வீட்டு வாடகைச் சட்டம் 2017-இன் 42-ஆம் எண் சட்டம்; நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. இடைப்பட்ட காலத்தில் அதன் பிரிவை மேற்கோள் காட்டி நோட்டீஸ் அனுப்பியிருந்தால், அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.