முகம்தான் அளவுகோல்

மனிதன் தன் சாயலில் கடவுளைச் செய்வதை நேரில் பார்க்க வேண்டுமா? உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலைச் சிற்பியின் கையிலிருக்கும் தென்னை ஓலை நறுக்கைப் பாருங்கள். சிலையின் உயரத்துக்கு ஓலையை வெட்டி, மடித்து மடித்து 124 பாகமாக்குவார்கள். பத்துத் தாளம் கொண்ட இந்த அளவுக்கு உத்தம தசதாளம் என்று பெயர், சிவனுக்கும் திருமாலுக்கும் இதுதான். தேவிக்கு 120.

தாளம் என்றால் முகத்தின் நீளம். நம் முகம்தான்! அந்த 124 பாகத்தில் தொடை 27, முழந்தாள் 4, கீழ்க்கால் 27. கை நான்கானாலும் உடற்கட்டு மனிதனுடையதே. பிள்ளையாருக்கு 5 தாளம் மட்டும். அதனால்தான் அந்தக் குழந்தைக் குள்ளம், என்ன அழகு!

சிலையை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த அச்சில் உலோகத்தை வார்ப்பார்கள். அளவு பிசகினால் மெழுகிலேயே திருத்திவிட வேண்டும், வார்த்தபின் உளி அதிகம் உதவாது. மெழுகின்மேல் பூசும் முதல் வண்டல் மண் நைசாக இல்லாவிட்டால் முகக்களை வராது. அச்சில் ஈரம் இருந்தால் காய்ச்சிய உலோகம் வெடித்துச் சிதறும்.