பார்கோ லாரிக்கு ஏசி போட்ட கோடை

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு. கானாடுகாத்தான்

முடிவு செய்துவிட்டேன், பார்கோவுக்கு ஏசி போடுகிறோம். ஐயா (தாத்தா) வாங்கிய லாரி, அப்பச்சி (அப்பா) இருபது வருடம் ஓட்டியது. அப்பச்சிக்கு இப்போது 78 வயது. அதில் ஏறி உட்கார ஆசைப்படுகிறார், ஆனால் போன மாதம் காரைக்குடி போய் வந்ததற்கே தலை சுற்றிப் படுத்துவிட்டார். எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை காற்று ஓடும், சித்திரையிலும் பகலில் தூங்கலாம். கேபின் அப்படியில்லை. தகரக் கூரை மேலே, பெர்க்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின் முன்னால்.

வருகிற அக்டோபர் 1 முதல் தயாராகும் புது லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம் என்று அப்பச்சியிடம் சொன்னேன். "எங்க காலத்துல ஈரத்துண்டுதான் தம்பி" என்றார்.

எனக்கு ஒரே நிபந்தனை. டேஷ்போர்டில் புதிதாக ஒரு ஓட்டைகூட விழக்கூடாது.

ஏப்ரல் 19, சனி

அந்தக் காலத்தில் பம்பாய் பிரீமியர் கம்பெனி பார்கோவை முகப்புத் தகடும் டேஷ்போர்டுமாக, கேபின் இல்லாமலும் கொடுக்கும். எங்கள் வண்டி அப்படி வந்ததுதான். கேபினை ஊர் ஆசாரி தேக்குச் சட்டத்தில் கட்டினார். ஆகவே அந்த இரும்பு டேஷ்போர்டுதான் கம்பெனியிலிருந்து வந்ததில் மிச்சமிருக்கும் முகம். அதை வெட்ட எனக்கு மனம் வராது.

கடையில் கிடைக்கும் கூலிங் காயில் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும், முழங்கால் இடிக்கும். அட்டையில் அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்து உள்ளே நுழைத்துப் பார்த்தேன். வைப்பர் கம்பி தடுத்தது. கிளவ் பாக்ஸின் அட்டைக் கூட்டைக் கழற்றியதும் சரியாக உட்கார்ந்தது. கிளவ் பாக்ஸ் கதவு அப்படியே இருக்கும், பின்னால் மட்டும் ஆழம் இருக்காது.

ரேடியோவுக்கு விட்ட இடத்தை ஒரு தகடு மூடியிருந்தது. நான்கு திருகுகள். அதே அளவில் வேறு தகடு வெட்டி, குளிர்காற்று வர இரண்டு வட்ட வென்ட் பொருத்தினேன். பழைய தகட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாயிற்று.

ஏப்ரல் 26, சனி

இன்று முழுக்க ஒயரிங். அவசரப்பட்டிருந்தால் வண்டியே எரிந்திருக்கும். எங்கள் வண்டியில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்கு எர்த். பாட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோ தருவதோ 22 ஆம்பியர், ஐடிலில் அதுவும் வராது. புளோயர் 10, கண்டன்சர் முன்னால் உள்ள மின்விசிறி 10, கம்ப்ரசர் கிளட்ச் 4 என்றால் ஹெட்லைட்டுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே டைனமோவுக்குப் பதில் 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். அதற்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பாட்டரி முனைகளைத் திருப்பினேன். டேஷ்போர்டு ஆம்ப் மீட்டர் எதிர்ப்பக்கம் காட்டும் என்பதால் அதன் ஒயர்களையும் மாற்றினேன். அந்த மீட்டர் 30 வரைதான், ஆகவே ஆல்டர்னேட்டர் ஒயர் நேராக பாட்டரிக்குப் போகிறது, நடுவில் ஃப்யூஸ். புளோயருக்குத் தனி ரிலே.

மே 3, சனி

கம்ப்ரசர் பிராக்கெட் 10 மி.மீ. தகட்டில். கிராங்க் புல்லிக்கு இரண்டாவது பள்ளம் காரைக்குடி லேத்தில் கடைந்தது. முதல் தடவை புல்லிகள் 4 மி.மீ. விலகியிருந்தன, பெல்ட் ஓரம் ஒரே மணி நேரத்தில் பஞ்சாகிவிட்டது. வாஷர் போட்டு நேராக்கினோம். நாளை அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது.

மே 10, சனி

கேஸ் ஏற்றும் நாள். ஒரு பட்டறையில் வேக்குவம் (குழாய்க்குள் உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பது) வேண்டாம், அப்படியே ஏற்றலாம் என்றார்கள். வந்துவிட்டேன். குழாய்க்குள் ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் ஐஸாக உறைந்து அடைக்கும். ஏசி அண்ணன் பொறுமையானவர். முதலில் நைட்ரஜன் ஏற்றி, எல்லா நட்டிலும் சோப்பு நுரை தடவினார். வால்வு நட்டில் மட்டும் கடுகளவு குமிழி ஒன்று வந்து உடையும், மறுபடி வரும். கழற்றினால் ஓ-ரிங் நசுங்கியிருந்தது, எண்ணெய் தடவாமல் முறுக்கியிருக்கிறேன். புது ரிங், கம்ப்ரசர் ஆயில் ஒரு சொட்டு. ஈரத்தை உறிஞ்சும் டிரையரின் மூடியைக் கடைசியில்தான் திறந்தோம், முன்பே திறந்தால் காற்றின் ஈரத்தை அதுவே குடித்துவிடும். அப்புறம் 45 நிமிடம் வேக்குவம், மீட்டர் ஊசி அசையவில்லை. ஆர்134ஏ கேஸைத் தராசில் வைத்து ஏற்றினோம். அழுத்தம் லோ பக்கம் 38, ஹை பக்கம் 250 பிஎஸ்ஐ. வென்டில் வைத்த தெர்மாமீட்டர் ஐடிலில் 13 டிகிரி, ஓடும்போது 8.

மே 11, ஞாயிறு

அப்பச்சியை ஏற்றிக்கொண்டு குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி. வென்ட் முன்னால் உள்ளங்கையை விரித்து வைத்தார், ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. "இது நம்ம வண்டிதானா?" என்றார். டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார், ஆம்ப் மீட்டர் வளையத்தையும். காரைக்குடி தாண்டியதும் அவர் காலில் தண்ணீர் சொட்டியது. வடிகுழாய்க்குச் சாய்வு போதவில்லை. வேட்டி நனைந்தும் கண்ணாடியை இறக்கவிடவில்லை.

சாயங்காலம் குழாயை இரண்டு அங்குலம் இறக்கிக் கட்டினேன். புது பெல்ட் நீண்டிருக்கிறது, புதன்கிழமை இறுக்க வேண்டும். கதவு இடுக்குக்கு ரப்பர் பீடிங்கும் வாங்க வேண்டும், தேக்குச் சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் விரல் நுழைகிறது.