ஒரே ஹெட்டர், மூன்று எழுத்து

மின்னஞ்சல் கோப்புகளைப் படிக்க டிஎஃப்டிஎல்-இல் (ஒரு கோப்பின் தரவு எந்த வடிவில் இருக்கிறது என்று விவரிக்கும் மொழி) ஒரு ஸ்கீமா, அதாவது அந்த வடிவத்தின் விவரிப்பு, எழுதிக்கொண்டிருக்கிறேன். மின்னஞ்சலின் அடையாள எண்ணைச் சொல்லும் தலைப்பு வரியான மெசேஜ்-ஐடி ஹெட்டரிலேயே சிக்கிக்கொண்டேன். ஒரு கோப்பில் கடைசி ‘டி’ பெரிய எழுத்து, அடுத்ததில் சின்ன எழுத்து, இன்னொன்றில் பெயர் முழுக்கவே சின்ன எழுத்து. மூன்றுமே சரிதான், மின்னஞ்சல் விதிப்படி ஹெட்டர் பெயரில் அந்த வித்தியாசம் கிடையாது. நான்தான் இனிஷியேட்டரில், அதாவது ஒரு தரவு எந்த எழுத்துகளோடு தொடங்கும் என்று சொல்லும் இடத்தில், ஒரே ஒரு வடிவத்தை எழுதியிருந்தேன்.

இதற்கு இக்னோர்கேஸ் (பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பார்க்காதே என்னும் அமைப்பு) போதும். ஆனால் அதை ஸ்கீமா முழுவதற்கும் போடாதீர்கள். அது ஹெட்டர் பெயரோடு நிற்காது, நில் வேல்யூ (மதிப்பு இல்லை என்பதைக் காட்டும் குறி) மாதிரியான மதிப்புகளை ஒப்பிடும்போதும் வேலை செய்யும். தேவைப்படும் எலிமென்டில் (ஸ்கீமாவில் ஒரு தரவுத் துண்டைக் குறிக்கும் பகுதி) மட்டும் போடுங்கள்.

எழுத்தே மாறினால், அதாவது ஒருவர் ஹைஃபன் போட்ட இடத்தில் இன்னொருவர் அண்டர்ஸ்கோர் போட்டிருந்தால், இனிஷியேட்டரில் ஒரு பட்டியலே கொடுக்கலாம், இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக. பெயருக்குள்ளேயே இடைவெளி இருந்தால் அதை அப்படியே தட்டக்கூடாது, இரண்டு பெயராக உடைந்துவிடும். இடைவெளிக்கென்று இருக்கும் குறியீட்டைத்தான் எழுத வேண்டும். எதையும் ஏற்றுக்கொள்ளும் ரெஜெக்ஸைவிட (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் பொது வடிவம்) இந்தப் பட்டியல்தான் எனக்குப் பிடிக்கும், புதிதாக ஒரு பிழை வந்தால் உடனே தெரிந்துவிடும்.

சரி, படித்தாயிற்று. திருப்பி எழுதும்போதுதான் உண்மையான சிக்கல். அன்பார்ஸ் செய்யும்போது, அதாவது படித்த தரவை மறுபடி கோப்பாக எழுதும்போது, பட்டியலில் முதலில் இருப்பதுதான் வெளியே வரும், கோப்பில் இருந்த எழுத்து போய்விடும். பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் அந்த மின்னஞ்சலில் டிகேஐஎம் கையொப்பம் (அனுப்பிய டொமைன் போடும், வழியில் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் டிஜிட்டல் கையொப்பம்) இருந்து, அது ‘சிம்பிள்’ முறையில் போடப்பட்டிருந்தால், கையொப்பத்துக்குள் வரும் ஹெட்டரின் ஒரு எழுத்து பெரியதிலிருந்து சின்னதாக மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும். ‘ரிலாக்ஸ்டு’ முறை பெயரைச் சின்ன எழுத்தாக்கிவிட்டுத்தான் கணக்கிடுகிறது, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அதனால் இப்போது பெயரை இனிஷியேட்டராக வைப்பதையே விட்டுவிட்டேன். முக்காற்புள்ளி வரை இருப்பதைத் தனி எலிமென்டாக, வந்தது வந்தபடியே எடுத்துக்கொள்கிறேன், அப்புறம் சாய்ஸ் டிஸ்பேட்ச் கீயில் (பல கிளைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் கணக்கு) அதைச் சின்ன எழுத்தாக்கி எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று பார்க்கிறேன். ஒவ்வொரு கிளைக்கும் பொருந்தும் பெயரை எழுதும் பிராஞ்ச் கீயிலும் பட்டியல் கொடுக்க முடிவதால் அண்டர்ஸ்கோர் வடிவமும் அதே கிளைக்கே வந்துவிடுகிறது. ஸ்கீமா கொஞ்சம் நீளமாகிறது, ஆனால் பெயர் எந்த எழுத்தில் உள்ளே வந்ததோ அதே எழுத்தில் வெளியே போகிறது.