வலது குதிகால்

அக்டோபர் 14
மாடலாக நிற்கும் பெரியவரைக் கரியில் வரைவது. ஒரு நிமிடப் போஸ் 10, இரண்டு நிமிடம் 5, கடைசியில் 20 நிமிடம் ஒன்று. ஒரு நிமிடத்தில் தாளில் ஆள் வரமாட்டார், எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது மட்டும் வரலாம். அதுவும் வரவில்லை. 20 நிமிடப் படத்தில் பெரியவர் தரைக்கு ஒரு சாண் மேலே மிதக்கிறார். வலது குதிகால்.

அக்டோபர் 15
தெற்கு ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்தாயிற்று. இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தால் ஒன்றின் நிழலை மற்றது தின்றுவிடும், விலாவுக்கும் வயிற்றுக்கும் நடுவில் திருப்பமே தெரியாது. வடக்கு ஜன்னல் மட்டும் போதும். அந்தப் பக்கம் வெயில் நேராக விழாது, காலை 9 முதல் 12 வரை நிழல் இடம் மாறாமல் நிற்கும்.

அக்டோபர் 17
நீண்ட போஸ் தொடங்கியது. எடை வலது காலில், இடது கால் தளர்வு. 20 நிமிடம் நிற்பது, 5 நிமிடம் ஓய்வு. இரண்டு பாதத்தையும் சுற்றிச் சாக்பீஸ் கோடு. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கோட்டுக்குள் வந்து நின்றாலும் இடுப்பு பழைய இடத்துக்கு வராது. அதற்கு எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, பார்வை அங்கேயே இருக்கச் சொல்ல வேண்டும். கழுத்து திரும்பினால் தோளும் கூடவே திரும்பும். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி நிற்க விடக்கூடாது, ரத்த ஓட்டம் தேங்கி மயக்கம் வந்துவிடும்.

எடை தாங்கும் பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும். நடுவில் இடுப்புச் சதை மடியும், மறுபக்கம் இழுபட்டு நீளும். இது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் கை இரண்டு தோளையும் சமமாகப் போட்டு வைத்திருக்கிறது.

கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. முன்னிருந்து பார்த்தால் கழுத்துக் குழியிலிருந்து இறங்கும் நூல் வலது கணுக்காலின் உள்பக்கத்தைத் தொட வேண்டும். பெரியவரிடம் தொடுகிறது. படத்தில் இரண்டு பாதத்துக்கும் நடுவே விழுகிறது. அப்படி ஒருவர் நின்றால் சாய்ந்து விழுவார்.

அக்டோபர் 18
வரவில்லை. முழங்கால் வீக்கமாம்.

அக்டோபர் 20
வரவில்லை. முன்பு எடுத்த அளவை மறுபடி எண்ணியாயிற்று. கையை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிரஷ் காம்பில் தலையை அளந்ததில் பெரியவர் 7 தலை உயரம். புத்தகம் சொல்லும் ஏழரை இல்லை. இன்னொரு குழப்பமும் தீர்ந்தது. நம் சிற்பிகள் சொல்லும் தாலம் முகத்தின் நீளம், நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து தாடை வரை. உச்சந்தலை அதில் சேராது. ஒரு தாலம் 12 அங்குலம், ஒன்பது தாலம் உயரமான நவதாலம் 108 அங்குலம் (இன்றைய இஞ்ச் இல்லை, அந்த உருவத்துக்கே உரிய அளவு). தலைக் கணக்கையும் தாலக் கணக்கையும் கலந்தால் கால் நீண்டுவிடும். இங்கே நீண்டிருந்தது.

அக்டோபர் 22
வந்தார். கையில் தடி.

தடி வந்ததும் பழைய படம் முழுவதும் செல்லாது. ஊன்றுகோல் இல்லாமல் நிற்பவருக்குத்தான் கழுத்துக் குழி கணுக்காலுக்கு மேல் வரும். ஊன்றினால் எடை பாதத்துக்கும் தடிக்கும் பங்காகும், நூல் இரண்டுக்கும் இடையில் நகரும், ஊன்றிய பக்கத் தோள் காதை நோக்கி ஏறும். தோளை மட்டும் ஏற்றி ஒட்டுப்போட்டால் நிற்காது. முழுவதும் துடைத்தாயிற்று. புதுக் கரிக்கோடு இடுப்பிலிருந்து தொடங்கியது, பாதத்திலிருந்து இல்லை.

அக்டோபர் 23
காற்றில் ஈரம். தாள் நமுத்துப்போய்க் கரி பிடிக்கவில்லை, வழுக்குகிறது.

அக்டோபர் 25
குதிகால், மறுபடியும். காரணம் கோட்டில் இல்லை, தூரத்தில் இருந்தது! மேடை ஒரு அடி உயரம், ஈசல் (படம் தாங்கும் சட்டம்) 7 அடியில். அங்கிருந்து தலையை ஒரு தரமும் பாதத்தை ஒரு தரமும் தனித்தனியாகத்தான் பார்க்க முடிகிறது. முகம் நேரே தெரியும், பாதம் மேலிருந்து தெரியும். கை அந்தப் பாதத்தைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் தட்டையாக வரைந்திருக்கிறது. ஆளின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். அறை 12 அடிதான். ஈசலை நடைக்கு இழுத்து, கதவு நிலைக்கு வெளியே 14 அடியில் வைத்தாயிற்று. தலை முதல் பாதம் வரை ஒரே பார்வையில் அடங்குகிறது.

பாதத்தைச் சுற்றி மேடையில் சாக்பீஸால் ஒரு சதுரம். முதலில் அந்தச் சதுரம், பிறகு அதன்மேல் பாதம். பின்னால் இருக்கும் குதிகால் படத்தில் மேலே போகிறது, இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் இல்லை.

அக்டோபர் 28
கேன்வாஸ். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பில் டர்பன்டைன் கலந்து மெல்லிய முதல் பூச்சு. அம்பர் சீக்கிரம் காயும், இந்த ஈரத்திலும். அலிசரின் சிவப்பை முதல் பூச்சில் வைத்தால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். மேலே போகப்போகத்தான் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கூட வேண்டும். கீழே எண்ணெய், மேலே டர்பன்டைன் என்று தலைகீழாகப் போனால் பின்னால் வெடிப்பு விடும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக்கூடாது. காயும்போது சூடு கிளம்பித் தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில்.

அக்டோபர் 30
டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர் (காவிமஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர், அலிசரின், அல்ட்ராமரின் (நீலம்). ஆறு போதும். கறுத்த தோலுக்குக் கறுப்பு டியூபைத் திறந்தவுடன் ஆள் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடுவார். பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு: நிழல் ஆழமாகவும் வரும், உயிரோடும் இருக்கும். காது, முழங்கை, கால்விரல் மூட்டு இங்கெல்லாம் துளி அலிசரின்.

பெரியவர் குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். நெற்றி, காறை எலும்பு, முட்டி எல்லாம் மினுமினுப்பு. அந்த மினுமினுப்பு தோலின் நிறம் இல்லை, ஜன்னலில் தெரியும் வானத்தின் நிறம். அதனால்தான் வெள்ளையும் ஆக்கரும் கலந்து வைத்தது சுண்ணாம்பாகத் தெரிந்தது. வெள்ளையில் கடுகளவு அல்ட்ராமரின் வைத்ததும் தோல் ஈரமாயிற்று. “துடைச்சிட்டு நிக்கட்டுமா தம்பி?” என்றார். வேண்டாம் ஐயா, இப்படியே.

நவம்பர் 2
நிழலில் காரணமில்லாத மஞ்சள், விலாவின் கீழ்ப்பக்கம். ஒரு மணி நேரம் அதைத் திருத்தியது வீண். எதிர்வீட்டுக் காவிமஞ்சள் சுவர், புதுச்சேரியின் அந்த மஞ்சள்தான், வெயில் பட்டு அறைக்குள் எதிரொளிக்கிறது. இருக்கிறது, ஆகவே வரைய வேண்டும். ஆனால் எதிரொளி எவ்வளவு பளிச்சென்றிருந்தாலும் வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கிய இடத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும்.

நவம்பர் 3
மேகம். 10 மணிக்கே இருட்டு. டியூப்லைட் போட்டால் எல்லா நிழலும் மாறும். போடவில்லை.

நவம்பர் 6
மெரினா உழைப்பாளர் சிலையின் படம் ஒன்றை நெடுநேரம் பார்த்தது. ராய் சௌத்ரி வார்த்த நான்கு பேர், பாறையை நெம்புகிறார்கள். கையை மறைத்துவிட்டுக் காலை மட்டும் பார்த்தாலும் பாறையின் கனம் தெரிகிறது. விரல்கள் தரையைக் கவ்வுகின்றன. பெரியவரின் கால்விரலும் கவ்வுகிறது, வலது சுண்டுவிரல் மட்டும் சற்று விலகி. அதை இத்தனை நாள் யாரும் வரையவில்லை.

நவம்பர் 9
தோல் மேடையைத் தொடும் இடத்தில், குதிகாலுக்கு அடியில், நூல் கனத்துக்கு ஒரு கோடு. படத்திலேயே அதுதான் அதிக இருட்டு, வெளிச்சம் நுழையவே முடியாத இடம். அதிலிருந்து விலக விலக நிழல் இளகிப் பரவுகிறது. முன்பு நிழல் முழுவதையும் ஒரே இருட்டில் போட்டதால்தான் மிதந்தது. கோட்டை வைத்ததும் இறங்கிவிட்டார்.

குதிகால் மட்டும். முன்பாதம் நாளை.

நவம்பர் 10
புயல் சின்னமாம். வரவில்லை.

நவம்பர் 12
மழை. சாக்பீஸ் சதுரத்தின் மேல் பாயை விரித்துப் போட்டிருக்கிறது. கூரை ஒழுகுவது சரியாக அந்த இடத்தில்.