2 ஏக்கர் 5 சென்ட்: நில எடுப்பு நோட்டீஸ் வந்த நாளிலிருந்து

2018 பிப்ரவரியில் கிராம உதவியாளர் எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்த நோட்டீஸ், 31 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன என் தாத்தாவின் பெயருக்கு வந்திருந்தது. தொழிற்பூங்கா விரிவாக்கத்துக்காக, கீழே கண்ட புல எண்களில் உள்ள நிலத்தை எடுக்க அரசு உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளில் விசாரணைக்கு வரலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. எங்களுடைய 2 ஏக்கர் 14 சென்டில் 2 ஏக்கர் 5 சென்ட் அந்தப் பட்டியலில் இருந்தது.

நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. தனியார் கம்பெனிகளுக்காக நிலம் எடுத்தால் 80 சதவீத உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும், சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தைப் பற்றிப் படித்திருந்ததால், ஊரில் யாரும் சம்மதிக்காவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் எங்களுக்கு வந்தது தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்பு பற்றிய 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 3(2) பிரிவு நோட்டீஸ். மத்தியச் சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, இந்தச் சட்டத்தையும் நெடுஞ்சாலைச் சட்டத்தையும் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தையும் தமிழக அரசு மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்திருந்தது. இழப்பீட்டைக் கணக்கிடும் முறை மட்டும் மத்தியச் சட்டப்படி இருக்கும். சம்மதம் கேட்கும் பேச்சுக்கே இடமில்லை. மேலும், நிலத்தை எடுப்பது அரசு நிறுவனம். அது பிறகு ஆலைகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு ஒதுக்கும் என்பதால், 'இது பொது நோக்கமா, வியாபாரமா?' என்று விசாரணையில் நான் எழுப்பிய கேள்வியை அதிகாரி மறுக்கவும் இல்லை, பதிவு செய்ததாகவும் தெரியவில்லை.

அதன் பிறகு காகிதங்களைச் சேர்ப்பதிலேயே ஏழு மாதம் போயிற்று. தாத்தாவின் பெயரில் இருந்த கூட்டுப் பட்டாவில் அப்பாவும் பெரியப்பாவும் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டு உழுதுவந்தார்கள். வாரிசுச் சான்று வாங்கப் போனபோதுதான் அத்தைகள் இருவருக்கும் பங்கு உண்டு என்பதும், ஓர் அத்தை இறந்துவிட்டதால் பெங்களூரில் இருக்கும் அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் கையெழுத்திட வேண்டும் என்பதும் தெரிந்தது. வாரிசுகளுக்குள் தகராறு என்று ஆகிவிட்டால் இழப்பீட்டுத் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிடுவார்கள், பிறகு அதை எடுக்க ஒரு தனி வழக்கு நடத்த வேண்டும் என்று வக்கீல் சொன்னதால், அவர்களுக்குரிய பங்கை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பதிவு செய்தோம். என்னைக் கேட்டால், ஆர்ஜிதம் வருமோ வராதோ, தாத்தா பெயரில் பட்டா வைத்திருப்பவர்கள் இந்த வேலையை இன்றே தொடங்கிவிடலாம்.

நிலத்தை அளந்து, அதில் உள்ளவற்றைக் குறிக்கும் கூட்டு அளவைக்கு அதிகாரிகள் வந்த அன்று நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிணற்று மோட்டாரைக் காயில் (கம்பிச்சுருள்) கட்டுவதற்காக நாங்கள் கழற்றிக் கொடுத்திருந்த நேரம் அது. மேலே வெறும் குழாய் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வந்தவர் 'பாழடைந்த கிணறு' என்று எழுதினார். "சார், எட்டிப் பாருங்க, தண்ணி நிக்குது" என்று அம்மா சொல்ல, "மோட்டார் இல்லையேம்மா" என்றார் அவர். அம்மா வீட்டுக்கு ஓடிப்போய் இலவச மின்சார இணைப்பின் அட்டையைக் கொண்டுவந்து காட்டியும் எழுதியது எழுதியதுதான். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலிலும் எங்கள் நிலம் இரண்டு ஆண்டுகளாகத் தரிசு என்று இருந்தது. அந்த இரண்டு ஆண்டும் அதில் மணிலா (நிலக்கடலை) போட்டிருந்தோம். இந்த இரண்டு வார்த்தைகளையும் மாற்ற நான்கு மனுக்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் ரசீது வாங்கி வைத்திருந்ததால்தான், கிணற்றைப் பொதுப்பணித் துறையும் மாமரங்களைத் தோட்டக்கலைத் துறையும் பிறகு முறையாக மதிப்பிட்டன.

விலை விஷயத்தில் குற்றத்தில் பாதி எங்கள் ஊருடையது. மத்தியச் சட்டத்தின் கணக்குப்படி, வழிகாட்டி மதிப்பையும், முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதைச் சந்தை மதிப்பாகக் கொள்கிறார்கள். கிராமப்புறமானால் அதை ஒரு காரணியால் பெருக்கி, அதற்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகவும் சேர்க்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 2017 ஜூனில் தமிழகம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தது. பத்திரச் செலவு குறைந்தது என்று அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். முத்திரைத் தீர்வைக்குப் பயந்து, கைமாறிய தொகையில் கால்பங்கைக்கூடப் பத்திரத்தில் காட்டாமல் நாங்களே எழுதிவைத்த கிரயங்கள்தான் எங்கள் நிலத்தின் விலையாகத் திரும்பி வந்தன. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது, வங்கிக் கடன் வாங்கியவர்கள் மட்டும் உண்மைக்கு அருகில் எழுதியிருந்த ஐந்து பத்திரங்கள் கிடைத்தன. அவற்றில் மூன்று அதிகாரிகளின் பட்டியலில் இல்லை. நகல் மனு போட்டு மூன்றையும் வாங்கிக் கொடுத்தோம்.

இதற்கிடையில் 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம், 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு முரண்பட்டதால் மாநிலச் சட்டங்கள் அப்போதே செயலிழந்துவிட்டன என்றும், 105-ஏ பிரிவால் மட்டும் அவற்றை உயிர்ப்பிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது; ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்ட நிலங்களுக்கு மட்டுமே விலக்கு. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அதே ஆண்டில் சட்டமன்றம் அந்தச் சட்டங்களை 2013 செப்டம்பர் 26 முதல் முன்தேதியிட்டு மீட்டெடுத்துச் சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த இரண்டு ஆண்டுகளும் நாங்கள் நிலத்தில் மணிலா போடலாமா கூடாதா என்றுகூட யாரும் சொல்லவில்லை. போட்டோம்.

2022இல் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். பெரியப்பா அவர்கள் சொன்ன விலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்; மூன்று மாதத்தில் பணம் அவருடைய கணக்குக்கு வந்துவிட்டது. "உங்கப்பனுக்குக் கோர்ட்டு வாசல் பழகிப்போச்சுடா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தொகை போதாது என்று பிறகு நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்பதை அப்பா வக்கீலிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே மறுத்தார். அலுவலகம் தானாக நிர்ணயித்த தொகையை 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று தன் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு, கூடுதல் இழப்பீட்டுக்காக நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரும் மனுவையும் கொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பெரியப்பா வீடு கட்டிக் குடிபோய்விட்டார். எங்கள் பணத்தில் பாதி தங்கையின் கல்யாணத்துக்குப் போனது, மீதி வைப்புத்தொகையில் இருக்கிறது.

எடுக்காமல் விட்ட 9 சென்ட் எங்கள் பெயரில் தனி உட்பிரிவாகிவிட்டது. அதற்குப் போகும் வரப்பு எடுத்த நிலத்தில் இருந்ததால், இப்போது சுற்றுச்சுவருக்கும் ஏரி வாய்க்காலுக்கும் நடுவில் பாதையில்லாமல் கிடக்கிறது. பாதை கேட்டுக் கொடுத்த மனுவின் ரசீதும் அதே பழைய கோப்பில்தான் இருக்கிறது.