ஸ்கோர் 15 வந்த பிறகு

"ஸ்கோர் 15 வந்தாச்சும்மா, இனி பயமில்ல" என்று, தலையில் அடிபட்டு எங்கள் வார்டில் இருந்தவரின் மனைவியிடம் சொன்னது நான்தான். அதில் பொய் எதுவும் இல்லை. நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 15தான் முழு மதிப்பெண். கூப்பிடாமலே கண் திறந்து பார்க்கிறார், அதற்கு 4. பேர், இடம், தேதி சரியாகச் சொல்கிறார், 5. சொன்னபடி கையைத் தூக்குகிறார், 6. அட்மிட் ஆன அன்று 8-க்கும் கீழே, மூச்சுக்குழாய் போட்டு வைத்திருந்தவர் அவர். அந்த அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. "எல்லாம் சரி சிஸ்டர், ஆனா இது என் வீட்டுக்காரர் இல்ல."

"தலையில அடிபட்டா அப்படித்தாம்மா இருக்கும், கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றேன்.

'அப்படித்தான் இருக்கும்' என்ற முதல் பாதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1974-இல் கிளாஸ்கோவில் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தது கோமா எவ்வளவு ஆழம், கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கத்தான். ஒருவருடைய பொறுமை, கூச்சம், பிள்ளைமேல் வைத்த பிரியம் எதுவும் அதில் வராது. மூளையின் முன்பகுதியில் அடிபட்ட சிலர் தேதியைச் சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே காது கூசும்படி திட்டுவார்கள், இல்லையென்றால் எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நரம்பிழைகள் சேதமானது சி.டி. ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அந்த அம்மா சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினேன், ரத்தத்தில் சோடியம் பார்த்தார்கள், ஸ்கேன் திரும்ப எடுத்தார்கள், ஞாபகம், யோசனை, நடத்தை எப்படி என்று பார்க்கும் நரம்பு உளவியல் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். கவனிக்காமல் விட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

'சரியாயிடும்' என்ற பின்பாதிதான் உறுத்துகிறது. சிலருக்குச் சரியாகிறது, முதல் சில மாதங்கள் வேகமாக, அப்புறம் மெதுவாக. சிலருக்கு முழுசாக ஆவதே இல்லை. அதை, இரவெல்லாம் தூங்காமல் கட்டிலருகே நின்றவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா? டாக்டர் சொல்ல வேண்டியது அது. ஆனால் அந்த அம்மா என்னிடம்தானே சொன்னார். நம்பிக்கை கொடுத்து அனுப்பினால்தான் வீட்டில் பொறுமையாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பார் எங்கள் சீனியர் சிஸ்டர், அதுவும் நியாயம்தான். எனக்கோ, வீட்டில் கணவர் கத்தும்போதெல்லாம் "சரியாயிடும்னு சொன்னாங்களே, நான்தான் ஒழுங்கா பார்த்துக்கலையோ" என்று அந்த அம்மா தன்னையே நொந்துகொள்வாரோ என்றுதான் ஓடுகிறது.

இப்போதெல்லாம் "பழையபடி ஆகலாம், ஆகாமலும் போகலாம், அவர் கோபப்பட்டா அது உங்க தப்பில்ல, மூளையில பட்ட அடி" என்று சொல்லப் பழகியிருக்கிறேன். அந்த அம்மாவே மறுபடி வந்து நின்றால் இதைச் சொல்வேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.